கட்டியைக் கேட்கிறோம், ஈரலைக் கேட்பதில்லை

"அக்மாவே கெடியக்" என்றார் டொக்டர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்து இல்லை. மொழிபெயர்க்கத்தானே நான் போயிருந்தேன். ஈரலில் கட்டி என்பதை எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே மாமா, "கெடின்னா கட்டிதானே மாப்ள, அதுக்கு ஏன் முழிக்கிற?" என்றார். இளவயதில் டவுனில் நாலு வருஷம் கடையில் நின்றவர், சிங்களம் என்னைவிட நன்றாகவே வரும். அது அன்றைக்கு எங்கள் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை.

அப்புறம் டொக்டர் ஒரு மூன்று நிமிடம் பேசினார். பாதி சிங்களம், பாதி இங்கிலீஷ். நான் எல்லாவற்றையும் சுருட்டி, "மருந்து இருக்காம் மாமா, பயப்பட வேணாமாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ் கினிகத்தேனையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. மாமா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்: "சரி, என்ன மருந்தாம்? அறுப்பாங்களா? இது ஈரல்லயே வந்ததா, வேற எங்கேயிருந்தாவது வந்ததா?" எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கட்டியின் அளவு. நாலு புள்ளி ரெண்டு சென்டிமீட்டர். நான் டொக்டரிடம் கேட்ட ஒரே கேள்வியும் அதுதான்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கிளினிக் வாசலில் உட்கார்ந்து எங்களைப் போன்ற தேயிலைத் தோட்டத்து ஆட்களோடு பேசியிருக்கிறேன். எல்லோரும் கேட்பது அதே கேள்வி. கட்டி எவ்வளவு பெரிசு? கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? ஈரல் எப்படி இருக்கிறது என்று கேட்பவரைக் காண்பது அரிது. ஆனால் வைத்தியம் என்ன என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அந்த இரண்டாவது கேள்விதான். நான் வைத்தியர் இல்லை, மருந்து சொல்ல வரவில்லை. டொக்டர் முன்னால் உட்காரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் எதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரவேண்டும், அதை ஏன் கேட்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மாமா பஸ்ஸில் கேட்ட கேள்வி. ஈரலில் தெரியும் கட்டி எல்லாம் ஈரல் கேன்சர் இல்லை. பெருங்குடல், மார்பகம், இரைப்பை, நுரையீரல் இப்படி வேறு இடத்தில் தொடங்கி ஈரலுக்கு வந்து குடியேறிய கேன்சரும் உண்டு. அதை ஈரல் கேன்சர் என்று வைத்தியம் பார்ப்பதில்லை, தொடங்கிய இடத்துக்குரிய மருந்துதான் கொடுப்பார்கள். அதனால் "இது ஈரலிலேயே தொடங்கியதா, வேறு இடத்திலிருந்து வந்ததா?" என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஈரலிலேயே தொடங்குவதில் மிகப் பெரும்பாலானது ஹெபடோசெல்லுலர் கார்சினோமா என்ற வகை. டயக்னோசிஸ் கார்ட்டில் எச்.சி.சி. என்று மூன்று எழுத்தில் எழுதியிருப்பார்கள்.

அதோடு சேர்த்து, "எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்?" என்றும் கேட்கலாம், டொக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நம் ஆட்களுக்கு ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்காமல் கேன்சர் என்று சொன்னால் நம்பிக்கை வராது. ஆனால் ஈரல் விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி. ஏற்கனவே ஈரல் சுருங்கித் தழும்பேறி இருப்பவருக்கு, சாயமருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனில் கட்டி ஒரு குறிப்பிட்ட விதமாகத் தெரிந்தால், அதை வைத்தே முடிவுக்கு வந்துவிடலாம். ஊசி போட்டால் இரத்தம் கசியவும், ஊசி போன வழியில் நோய் ஒட்டவும் சிறிய வாய்ப்பு இருப்பதால் தேவையில்லாமல் போடுவதில்லை. ஏ.எப்.பி. என்ற இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். அது கூடியிருந்தால் துணைச்சாட்சி. சாதாரணமாக இருந்தால் கேன்சர் இல்லை என்று அர்த்தமில்லை, பலருக்கு ஏ.எப்.பி. ஏறுவதே இல்லை.

அந்த ஸ்கேன் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைச் சொல்லிவிட்டால் பாதி வைத்தியமும் விளங்கிவிடும், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஈரலுக்கு இரத்தம் இரண்டு பக்கமிருந்து வருகிறது. நாம் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு மேல்மலை ஊற்றிலிருந்து ஒரு லைன், தோட்டத்து டேங்கிலிருந்து ஒரு லைன் என்று இரண்டு பைப் வருவதில்லையா, அந்த மாதிரி. குடலிலிருந்து சத்தைச் சுமந்து வரும் பெரிய இரத்தக் குழாய் ஒன்று, ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் முக்கால்வாசி அதில்தான் போகிறது. இன்னொன்று இதயப் பக்கமிருந்து வரும் நாடி. நல்ல ஈரல் முதலாவதை நம்பி வாழ்கிறது, கட்டியோ இரண்டாவதில்தான் உறிஞ்சுகிறது. சாயமருந்து ஏற்றியதும் அந்த நாடி வழியாகக் கட்டி முதலில் பளிச்சென்று வெளுத்துத் தெரிந்து, பிறகு சுற்றியுள்ள ஈரலுக்கு முன்பாகவே கருத்துவிடும். அதைப் பார்த்துத்தான் டொக்டர் சொல்கிறார்.

சரி, இப்போது ஈரலுக்கு வருவோம்.

இந்த நோய் பெரும்பாலும் நல்ல ஈரலில் வந்து உட்காருவதில்லை. வருஷக்கணக்காக அடிபட்டு, ஆறி, மறுபடி அடிபட்டு, கடைசியில் தழும்பாகவே இறுகிப்போன ஈரலில் வருகிறது. அந்த நிலைக்கு சிரோசிஸ் என்று பெயர், நம் பேச்சில் ஈரல் கருகிப்போச்சு என்போம். ஆக ஒரே உடம்பில் இரண்டு நோய். ஒன்று கட்டி, மற்றது அந்தக் கட்டி முளைத்த ஈரல். கட்டியை வெட்டி எடுக்கலாம், சுடலாம், மருந்தால் அடைக்கலாம், ஆனால் மிச்சமிருக்கும் ஈரல் அதைத் தாங்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் கட்டி உள்ளவருக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போவதும், ஆறு சென்டிமீட்டர் உள்ளவருக்கு அறுவைச் சிகிச்சை செய்வதும் இதனால்தான். பக்கத்து லயத்துக்காரருக்கு அறுத்தார்களே, நமக்கு ஏன் அறுக்கவில்லை, ஆள் தெரியாததாலா, காசு இல்லாததாலா என்று மனது குமுறுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நானும் குமுறியவன்தான்.

ஈரலின் நிலையை டொக்டர்கள் சைல்ட்-பியூ என்ற கணக்கில் அளக்கிறார்கள். ஐந்து விஷயம் பார்ப்பார்கள்: இரத்தத்தில் பிலிருபின் எவ்வளவு (மஞ்சளாக்குவது அதுதான்), அல்புமின் என்ற புரதம் எவ்வளவு, இரத்தம் உறைய எவ்வளவு நேரம், வயிற்றில் நீர் கோர்த்திருக்கிறதா, புத்தி தெளிவாக இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் மூன்று புள்ளி. மொத்தம் 5, 6 என்றால் ஏ. 7 முதல் 9 வரை பி. 10 முதல் மேலே போனால் சி. "டொக்டர், ஈரல் ஏயா, பியா, சியா?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நான் இரண்டாம் தடவை போனபோது இப்படிக் கேட்டதும் அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு பேசியது முழுக்க வேறு தரத்தில் இருந்தது.

இன்னொன்றும் கணக்கில் சேரும், அது ஆள் எவ்வளவு நடமாடுகிறார் என்பது. கட்டி, ஈரல், ஆளின் தெம்பு, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பார்சிலோனா முறை என்ற அளவுகோலில் கட்டம் பிரிக்கிறார்கள். 1999இல் வந்த முறை, இப்போது உலகம் முழுக்கப் புழங்குகிறது. இதில் நம் ஆட்கள் செய்யும் ஒரு வேலை இருக்கிறது. டொக்டர் "எப்படி இருக்கீங்க?" என்றால் அட்டைக்கடியிலும் மழையிலும் வேலை செய்து பழகிய வாய், "பரவாயில்லீங்க" என்றுதான் சொல்லும். பாதி நாள் கட்டிலில் கிடக்கிறவரும் அதையே சொல்வார். மாமா வேறு ரகம், எங்கே படுக்க வைத்துவிடுவார்களோ என்று "நான் இன்னும் மலைக்குப் போய்த்தான் வர்றேன்" என்று அடித்துவிட்டார், பென்ஷன் எடுத்து ஏழு வருஷமாயிற்று. இந்தப் பதிலை வைத்துத்தான் மருந்தின் கனத்தைத் தீர்மானிக்கிறார்கள். லயத்திலிருந்து தண்ணிப் பீலி வரை நடக்க முடிகிறதா, குளிக்க யாராவது துணை வேண்டுமா, பகலில் எவ்வளவு நேரம் படுக்கிறார், இப்படி நம் வாழ்க்கையின் அளவிலேயே சொல்லுங்கள்.

குடியைப் பற்றிக் கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். அந்த அறையில் அதிகமாகப் பொய் சொல்லப்படும் இடமும் இதுதான். "விசேஷத்துக்கு மட்டும் டொக்டர்" என்று மாமா சொன்னபோது அத்தை சுவரைப் பார்த்தார். சாராயமோ கசிப்போ, எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாகக் குடித்தது என்றைக்கு, இதைச் சொல்வதற்கு மிக நேரடியான காரணம் ஒன்று உண்டு. தினமும் குடிப்பவர் திடீரென்று வாட்டில் படுத்தால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வேர்த்து, கண்டதைப் பேச ஆரம்பிக்கலாம், சிலருக்கு வலிப்பே வரும். முன்கூட்டித் தெரிந்தால் அதற்கு மருந்து கொடுத்துத் தடுப்பார்கள். தெரியாவிட்டால் ஈரல் முற்றித்தான் புத்தி கலங்குகிறது என்று நினைத்துவிடவும் இடமுண்டு. ஈரல் மாற்றுச் சிகிச்சை என்ற பேச்சு வந்தாலும் குடியை விட்டு எத்தனை மாதம் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஈரல் நோய் என்றாலே குடிகாரன் நோய் என்று லயத்தில் பெயர் வைத்துவிடுகிறார்கள், அது அநியாயம். உலகத்தில் பல நாடுகளில் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள்தான் முக்கியக் காரணம். இலங்கையில் அந்த வைரஸ்கள் குறைவு. இங்கே இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் குடியும், கொழுப்புப் படிந்த ஈரலும்தான் பின்னணி. இந்தக் கொழுப்பு ஈரலுக்குச் சாராயமே தேவையில்லை, சீனி வியாதியும் இடுப்புச் சதையும் போதும். வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாத ஒரு அம்மாவைக் கிளினிக்கில் பார்த்தேன், இருபது வருஷமாகச் சீனி வியாதி. அவருக்கு நோயைவிடப் பெரிய வேதனை, சொந்தக்காரர்கள் தன் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுவார்கள் என்பது. அதனால் "எனக்கு இது எதனால் வந்தது?" என்று டொக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள், ஹெபடைட்டிஸ் பி, சி பார்த்தாகிவிட்டதா என்றும் கேளுங்கள். பி இருந்தால் அதற்குத் தனி மாத்திரை உண்டு, வீட்டிலுள்ளவர்களும் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். 2003இல் இந்தத் தடுப்பூசி நம் நாட்டுக் குழந்தைகளுக்கான அட்டவணையில் சேர்ந்தது, அதற்கு முன் பிறந்தவர்கள் பலருக்கு அது போடப்பட்டிருக்காது.

வைத்தியத்தைப் பற்றிக் கேட்கும்போது "மருந்து இருக்கா?" என்று கேட்காதீர்கள், அதற்கு எப்போதும் ஆம் என்றுதான் பதில் வரும். "இந்த வைத்தியம் நோயைத் தீர்க்கவா, தள்ளிப்போடவா, வேதனையைக் குறைக்கவா?" என்று கேளுங்கள். கேட்க மனது வராது, தெரியும். இந்த நோயில் அந்த மூன்றும் உண்டு. ஈரல் நன்றாக இருந்து கட்டி ஓரிடத்தில் இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பார்கள். மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியென்றால் ஊசி இறக்கிச் சூட்டாலேயே கருக்கிவிடலாம். ஈரலையே மாற்றுவது இன்னொரு வழி. அதற்கு 1996இல் மிலான் நகரத்து வைத்தியர்கள் சொன்ன அளவைத்தான் இன்றும் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள்: ஒரே கட்டி என்றால் ஐந்து சென்டிமீட்டருக்குள், இரண்டு மூன்று என்றால் ஒவ்வொன்றும் மூன்றுக்குள். ராகமை போதனா வைத்தியசாலையில் ஈரல் மாற்றுச் சிகிச்சை நடக்கிறது, ஆனால் வயது, மற்ற நோய்கள், ஈரல் கொடுக்க ஆள் என்று பல கதவுகளைத் தாண்ட வேண்டும். மாமாவுக்கு முதல் கதவிலேயே முடிந்துபோனது, வயது 67.

அடுத்ததுதான் அந்த இரண்டு பைப் கதையின் மிச்சம். தொடை இடுக்கில் இரத்தக் குழாய்க்குள் மெல்லிய வயரைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் நாடி வரைக்கும் கொண்டுபோய், அங்கேயே மருந்தை விட்டு அந்த வழியை அடைத்துவிடுவார்கள். கட்டி பட்டினி கிடக்கும், ஈரல் தன்னுடைய மற்ற லைனில் பிழைத்துக்கொள்ளும். டேஸ் என்று சொல்வார்கள். இது அநேகமாகத் தீர்க்கும் வைத்தியம் இல்லை, பிடித்து வைக்கும் வைத்தியம். செய்த பிறகு இரண்டு மூன்று நாள் காய்ச்சல், வலி, வாந்தி வருவது சாதாரணம், இது முன்பே தெரியாததால் பயந்து ஓடிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நோய் ஈரலைத் தாண்டியிருந்தால் உடம்பு முழுக்கப் போகும் மருந்து. 2007 முதல் சொராபெனிப் மாத்திரை இருக்கிறது, 2020 முதல் சில நாடுகளில் நோயெதிர்ப்பைத் தூண்டும் ஊசி மருந்துகள் முதல் தெரிவாகிவிட்டன. சொராபெனிப் எடுப்பவர்களுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தோல் தடித்து வெடிக்கலாம். கொழுந்து பறிக்கிற கைக்கு இது சின்ன விஷயமா? "நான் இன்னும் வேலைக்குப் போகிறேன், கையால் செய்கிற வேலை" என்று டொக்டரிடம் சொன்னால்தான் தொடக்கத்திலிருந்தே பூச்சு மருந்தும் அளவும் பார்த்துக் கொடுப்பார்.

கூடவே இதையும் கேளுங்கள்: இந்த மருந்து இங்கேயே கிடைக்குமா, வெளியில் எடுக்க வேண்டுமா? அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், ஆனால் எல்லா மருந்தும் எல்லா நாளும் இருக்கும் என்றில்லை, 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டில் பட்டது யாருக்கும் மறந்திருக்காது. வெளியில் வாங்க வேண்டுமென்றால் மாதச் செலவு எவ்வளவு, அதைச் செலவழித்தால் எவ்வளவு பிரயோசனம் என்று கேட்பதில் வெட்கமில்லை. நகையை அடகு வைத்த பிறகு கேட்பதைவிட முன்னால் கேட்பது நல்லது. ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம், அந்தப் படிவத்தில் டொக்டர் நிரப்ப வேண்டிய பகுதி உண்டு. போகும்போதே கையோடு கொண்டுபோங்கள், அதற்காக இன்னொரு நாள் வேலையும் சம்பளமும் போக வேண்டாம்.

எங்கே போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஆரம்பித்து, டிக்கோயா கிளங்கன், நுவரெலியா, பதுளை என்று போய், கண்டி, பேராதனை, மகரகமை வரை அலைவதுதான் நம் வழக்கம். ஒவ்வொரு இடத்திலும் புதிய டொக்டர், புதிய துண்டு. எல்லாக் கடதாசியையும் ஒரே பைலில் திகதி வரிசையில் வையுங்கள். சி.டி. படத்தை மடித்து சிலிசிலி பேக்குக்குள் திணிக்காதீர்கள். எல்லாவற்றையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "அடுத்து நான் யாரைப் பார்க்க வேண்டும், எப்போது, இடையில் ஏதாவது என்றால் யாரைக் கேட்பது?" இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் நாற்காலியை விட்டு எழும்பாதீர்கள்.

இனி மொழி. 1987இல் கொண்டுவந்த 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழிதான், ஆனால் கிளினிக் அறைக்குள் அந்தச் சட்டம் எப்போதும் வருவதில்லை. நல்ல மனதோடு பேசும் சிங்கள டொக்டர்கள்தான் நாங்கள் பார்த்தவர்களில் அதிகம், தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன். பிரச்சினை இடையில் நிற்கும் ஆளிடம். ஒரு இடத்தில் சிற்றூழியர் ஒருவரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள், அவர் வரிசையில் நின்ற முப்பது பேர் காதில் விழ "ஒங்களுக்குக் கேன்சராம்" என்றார். பத்தாம் வகுப்புப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தாத்தாவையும் கண்டேன், அந்தப் பிள்ளை அழுததில் தாத்தாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். நீங்கள் போனால் என்னைப் போலச் சுருட்டாதீர்கள். டொக்டர் இரண்டு வசனம் பேசியதும் கையைக் காட்டி நிறுத்தி, அதைத் தமிழில் சொல்லி, பிறகு தொடரச் சொல்லுங்கள். கடைசியில் நோயாளிக்கு விளங்கியதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்லி டொக்டரிடம் சரிபாருங்கள். வாட்டில் இருந்தால் காலை ரவுண்டில் பெரிய டொக்டரைப் பிடிக்க முடியாது, பின்னேரம் சின்ன டொக்டரிடம் போங்கள், அவருக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரமிருக்கும், தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். சனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டி டொக்டரைப் பார்ப்பது பற்றிக் கேட்பார்கள். என் அபிப்பிராயம், வைத்தியத்துக்காகத் தேவையில்லை, ஆறுதலாக உட்கார்ந்து ஒரு தடவை பேச வேண்டுமென்றால் மட்டும் அந்தக் காசு தகும்.

பெரிய தகராறு ஒன்று மிச்சம் இருக்கிறது. "அப்பாவுக்குச் சொல்லாதீங்க டொக்டர்." எங்கள் வீட்டிலும் இது நடந்தது. மச்சான் முன்கூட்டியே போய்ச் சொல்லி வைக்கலாம் என்றான், புண் என்று மட்டும் சொல்வோம் என்றாள் மச்சாள். பாசத்தில் சொல்வதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மாமாவுக்கு அந்த முதல் நாளே தெரிந்துவிட்டது, எங்களுக்காக ஒரு மாதம் தெரியாதவர் போல நடித்தார். நோயாளியிடமே கேட்டுவிடலாம்: "மாமா, டொக்டர் சொல்றதை எல்லாம் நீங்களே கேக்குறீங்களா, இல்ல நான் கேட்டு வைக்கட்டுமா?" சிலர் வேண்டாம் என்பார்கள், அதுவும் அவர்கள் உரிமை.

வீட்டுச் சமாச்சாரங்களில் கேட்காமலே தப்புச் செய்வது மூன்று நாலு இருக்கிறது. வலிக்கு டிக்லோபெனாக், புருபென் போன்ற மாத்திரைகள் சிரோசிஸ் ஈரலோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்தக் கசிவைக் கொண்டுவரும். பனடோல்தான் ஒப்பீட்டளவில் பாதுகாப்பு, அதுவும் குறைந்த அளவில், பொதுவாக ஒரு நாளைக்கு நாலு மாத்திரைக்கு மேல் வேண்டாம் என்பார்கள், உங்கள் அளவை உங்கள் டொக்டரிடமே கேளுங்கள். கீழாநெல்லியோ வெனிவெல் கசாயமோ வேறு நாட்டு மருந்தோ எடுத்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஏச்சு விழுந்தாலும் பரவாயில்லை. லக்டுலோஸ் பாணி கொடுத்திருந்தால் நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போவதுதான் அதன் வேலை, குடலில் தங்கும் நஞ்சு மூளைக்கு ஏறாமல் தடுக்கிறது. கக்கூசு லயத்துக்கோடியில், இரவு மழை வேறு என்று அதை நிறுத்திவிட்டு, நாலாம் நாள் ஆள் மாறிப்பேசத் தொடங்கி ஆம்புலன்ஸ் கூப்பிட்டவர்கள் உண்டு. மலம் கறுப்பாகப் போவது, இரத்த வாந்தி, தூக்கக் கலக்கமான பேச்சு, நீர் கோர்த்த வயிற்றில் வலியோடு காய்ச்சல், இந்த நாலில் எது வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், 1990க்கு அடியுங்கள்.

அப்புறம் சாப்பாடு. ஈரல் நோய் என்றதும் பத்தியம் என்று சொல்லி மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியைக் கொடுப்போம். அது பழைய காலத்து யோசனை. இந்த நோய் சதையைத் தின்கிறது, புரதம் வேண்டும், இரவு வெறும் வயிற்றோடு நீண்ட நேரம் கிடக்கக் கூடாது, படுக்கப் போகுமுன் ஒரு ரொட்டித்துண்டோ பாலோ எடுப்பது நல்லது. குறைக்க வேண்டியது உப்பு, முக்கியமாக வயிற்றில் நீர் இருந்தால். கருவாடுதான் அங்கே முதல் எதிரி. அதைக் கேட்டு மாமாவின் முகம் போன போக்கு கட்டி என்று கேட்டபோதுகூடப் போகவில்லை.

"எவ்வளவு நாள் இருக்கும்?" என்பதை யாரும் கேட்காமல் இருக்க முடியாது. இத்தனை மாதம் என்று ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள், அது நிறையப் பேரின் நடுக்கணக்கு. "நல்லபடியாகப் போனால் எப்படி, மோசமாகப் போனால் எப்படி, எது நடந்தால் மோசமென்று நாங்கள் தெரிந்துகொள்வது?" என்று கேட்டால் உபயோகமான பதில் கிடைக்கும். ஈரல் "சி" நிலைக்குப் போய், ஆளும் படுத்துவிட்டால், கட்டிக்கு மருந்து கொடுப்பது ஆளைத்தான் வருத்தும், அப்போது வலி, நீர், தூக்கம் இவற்றைப் பார்க்கும் வைத்தியத்துக்கு மாறுவார்கள். அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

நாலாவது தடவை போகும்போது மாமா ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார், கொழுந்து கணக்குப் போடும் பழைய கொப்பியில் கிழித்தது. முதல் கேள்வி "ஈரல் இப்ப ஏயா பியா". இரண்டாவது கருவாடு. மூன்றாவதை அவரே டொக்டரைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: தீபாவளிக்குச் சின்னவன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், அன்றைக்கு நான் எழும்பி நடமாட வேண்டும், எனக்குத் திகதி கொடுத்திருக்கிற ஊசியை அதற்கு முன்னால் போட்டால் முடியுமா? டொக்டர் இரத்த ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார். பி, ஏழு புள்ளி, போன மாதமும் அதுவே. வயிற்றைத் தட்டிப் பார்த்தார், நீர் கூடவில்லை. கலண்டரைத் திருப்பி, தீபாவளிக்கு முந்தின கிழமை போட்டிருந்த திகதியை வெட்டி, பண்டிகை கழிந்து ஆறாம் நாளுக்கு மாற்றி எழுதினார். இரண்டு கிழமை தள்ளுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஈரல் இப்படியே நின்றால், என்றார். கருவாட்டுக்கு மட்டும் தலையை ஆட்டிவிட்டார்.